ஏழு நாள் ஓடிய வீடு

அப்பா எங்கள் வீட்டுத் தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி நீளமாக ஒரு கட்டம் போட்டபோது எனக்குப் பத்து வயது. ஏழு மீட்டர் நீளம், இரண்டே கால் மீட்டர் அகலம். எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கூடம் அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் கட்டம் சோபாவுக்கு அடியில் தொடங்கி, சாப்பாட்டு மேசையின் நடுவாகப் போய், சமையலறைக்குள் நுழைந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் காலடியில் முடிந்தது.

"இதுதான் நம்ம வண்டி. ஒரு வாரம் இதுக்குள்ளேயே இருந்து பழகிக்குவோம்" என்றார் அப்பா.

ஜூன் விடுமுறைக்கு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். பெர்த்தில் இறங்குவது, அங்கே ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுப்பது, தெற்கே பெரிய மரக்காடுகள் வழியாகக் கடல் வரை போய்விட்டுத் திரும்புவது. தஞ்சோங் பகாரில் அவருடைய அலுவலகத்தில் யாரோ அப்படிப் போய்வந்து படங்களைக் காட்டியிருக்கிறார்கள். அன்று மாலையே அப்பா வண்டிக்குப் பதிவு செய்துவிட்டார். முடிவெடுத்த பிறகு எல்லாரிடமும் கருத்துக் கேட்பது அவர் வழக்கம். எங்களிடமும் கேட்டார். நாங்களும் சரி என்றோம்.

எங்களோடு அத்தையும் வருவதாக இருந்தது. அத்தை அப்பாவின் தங்கை. பொங்கோலில் தனியாக இருந்தார், ஒரு மருந்தகத்தில் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலை. அப்பா ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அது பாதி முடிந்த மாதிரி என்பது அத்தையின் உறுதியான நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டேப்புக்கு வெளியே நின்றார்.

"நீ இப்ப நடுரோட்டுல நிக்கிற" என்றார் அப்பா.

அத்தை பதறி உள்ளே வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் முழுக்க நாங்கள் அந்தக் கோடுகளுக்குள்தான் சாப்பிட்டோம், படித்தோம், தொலைக்காட்சி பார்த்தோம். அம்மா மட்டும் துணி காயப்போடும்போது கோட்டைத் தாண்டிப் போவார். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார்.

யார் யாருக்கு என்ன வேலை என்று அப்பா ஒரு பட்டியலும் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். ஓட்டுநர்: அப்பா. வழிகாட்டி: நான். தண்ணீர்த் தொட்டி: அத்தை. சமையல்: அம்மா. வழிகாட்டி என்ற சொல்லை நான் பள்ளியில் நாலைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

எங்களிடம் சொந்தமாகக் கார் இருந்ததில்லை. சிங்கப்பூரில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கார் என்பது அடுத்தவர் வைத்திருக்கும் பொருள். தீபாவளிக்கு மட்டும் அப்பா இரண்டு நாளைக்கு ஒரு கார் வாடகைக்கு எடுப்பார். அந்த இரண்டு நாளும் அவர் வேறு மனிதர். கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வார். ஒரு கையால் சக்கரத்தைத் திருப்புவார். விளக்குக்காக நிற்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். உலகத்தில் என் அப்பாவைப்போல் கார் ஓட்டுகிறவர் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நான் வேறு யாரும் ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை அம்மாவும் நானும் தேக்கா சந்தைக்குப் போனோம். சின்ன குக்கர் ஒன்று, ரசப்பொடி, ரவை, அப்பளம். பஃபலோ சாலையில் காய்கறிக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னம்மா, இந்தப் பக்கமே காணோம். இப்பல்லாம் வண்டி இல்லியா?"

"வண்டிக்கு எங்கண்ணே போறது" என்று அம்மா சிரித்தார். எம்ஆர்டி ரயிலில் தள்ளிக்கொண்டு போகும் இரண்டு சக்கரக் காய்கறி வண்டியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அதை அன்று நாங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். கைகள் வலித்ததால் எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

பெர்த்தில் குளிர்காலம். விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. வேலிக்குள் வெள்ளை வெள்ளையாக வண்டிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் எங்கள் பேட்டைச் சிற்றுந்து அளவுக்கு இருந்தது. முகப்பில் இருந்த பெண் அப்பாவின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார்.

நாங்கள் பதிவு செய்தது தானாகக் கியர் மாறும் ஆட்டோ வண்டி. அதைப் போன வாரம் எடுத்துப்போனவர்கள் ஒரு கங்காருவின் மேல் மோதிவிட்டார்கள். வண்டி பட்டறையில் கிடக்கிறது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை என்பதால் மற்ற ஆட்டோ வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன. இருப்பது ஒரே ஒரு வண்டி. அது கையால் கியர் போட்டு ஓட்டும் மேனுவல் வண்டி.

"பரவாயில்ல, அதையே குடுங்க" என்று அப்பா ஆங்கிலத்தில் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அந்தப் பெண் உரிமத்தை அப்பா பக்கம் திருப்பி, மூன்று என்ற எண்ணைத் தொட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த ஓர் எழுத்தைத் தொட்டார். ஏ. ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம் என்பதற்கான எழுத்து அது. ஆட்டோ வண்டி ஏதாவது திரும்பி வர இன்னும் ஐந்து நாள் ஆகும் என்றார். ஒற்றை எழுத்து என் அப்பாவைத் தடுத்து நிறுத்தியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தை பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, திரும்பப் போயிடலாமா? இல்ல, ஒரு ஹோட்டல் பாத்துக்கிட்டு இங்கேயே இருக்கலாம்."

அப்பா உரிமத்தையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பவர் அப்படி நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது அம்மா கைப்பையைத் திறந்தார். சின்னப் பணப்பையின் உள்ளறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, முந்தானை ஓரத்தால் துடைப்பதுபோலத் துப்பட்டாவால் துடைத்து, முகப்பு மேசைமேல் வைத்தார். அதுவும் ஓட்டுநர் உரிமம்தான். அதில் மூன்று என்ற எண் மட்டும், பக்கத்தில் ஏ இல்லாமல், தனியாக இருந்தது. படத்தில் இருந்த பெண்ணுக்குக் கன்னம் ஒட்டி, கண்கள் நேராக, எதற்கும் அசராத முகம். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

முகப்பில் இருந்த பெண் அதை வாங்கிப் பார்த்தார். தலையசைத்தார். படிவம் ஒன்றை எடுத்தார்.

"உனக்கு மேனுவல் இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று அப்பா தணிந்த குரலில் கேட்டார்.

"ஞாபகத்துலயா ஓட்டுறாங்க? காலுக்குத் தெரியும்" என்றார் அம்மா.

"அண்ணி, விளையாடாதீங்க லா" என்றார் அத்தை. "பஸ் மாதிரி இருக்கு அண்ணி இந்தக் காடி. உள்ள அடுப்பெல்லாம் இருக்கு."

"சாம்பார் அண்டா ஏத்துன வேன ஓட்டுனவ நான். சாம்பார் சிந்தும். நீங்க யாரும் சிந்த மாட்டீங்க."

அம்மாவின் அப்பா லிட்டில் இந்தியாவின் ஒரு பின்சந்தில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்துவந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், தொழிலும் நின்றுவிட்டது. 'நம்ம வேன்' என்று அம்மா எப்போதாவது சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வேனுக்குள் மீசை வைத்த ஓர் ஓட்டுநரை நானாகவே உட்காரவைத்திருந்தேன். அந்த இடத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தது அம்மா என்பதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அம்மா இருக்கையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு விளையாட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார். வண்டி முதல் தடவை குலுங்கி நின்றது. இரண்டாம் தடவையும் குலுங்கி நின்றது. அத்தை பின்னாலிருந்து "முருகா" என்றார். முகப்பில் இருந்த பெண் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை அம்மா கிளட்ச்சை விட்ட விதத்தில் வண்டி நகர்ந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. வேலிதான் நகர்வதுபோல இருந்தது.

அப்பா பக்கத்து இருக்கையில், வரைபடங்களை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த கோப்பு ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தார். "லெஃப்ட்ல வா… முன்னாடி ரவுண்டபவுட்… மெதுவா… அந்த லாரிய விடு…"

அம்மா நாலைந்து நிமிஷம் பொறுத்தார். "நீங்க ரோட்டப் பாக்காதீங்க. மேப்பப் பாருங்க. ரெண்டு பேரு ஒரே ரோட்டப் பாத்தா வழி யாரு பாக்கறது?"

அப்படி என் வழிகாட்டி வேலையும் அப்பாவிடம் போனது. எனக்கு வந்த கோபம் முழுவதும் அம்மா மேல்தான். ஆறு வருஷம் என்ன, அறுபது வருஷம் ஓட்டியிருந்தாலும், அப்பாவை அந்த முகப்பு மேசைக்கு முன்னால் வைத்து இவர் அந்த அட்டையை எடுத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அந்த வேலிக்கு வெளியே போயிருக்கவே முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. பின்னாலிருந்த மேசையருகே சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். வெளியே ஆடுகளும் வேலிகளும் போய்க்கொண்டே இருந்தன. அலமாரிக்குள் தட்டுகளும் தம்ளர்களும் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அம்மா ஓட்டுவதால் சமையல் அப்பாவுக்கு வந்தது. அதையும் அவர் அதே தன்னம்பிக்கையோடு செய்தார். முதல் நாள் உப்புமாவைக் கரண்டியால் எடுக்க முடியவில்லை, கத்தியால் வெட்டினோம். "கேக் மாதிரி, வித்தியாசமா இருக்குல்ல?" என்றார். அத்தை இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டாம் நாள் ரசம் நன்றாகவே வந்தது. அப்பா அடுப்புக்கு முன்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். மனசுக்குள் அழுகிறவர் வெளியே இப்படித்தான் பாடுவார் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் நாங்கள் தங்கிய முகாமில் பக்கத்து வண்டியில் வயதான ஆஸ்திரேலியத் தம்பதி இருந்தார்கள். அம்மா எங்கள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே மூச்சில் நிறுத்தியதை அந்த மூதாட்டி பார்த்திருந்தார். நான் குழாயடிக்குப் போனபோது, உன் அம்மா மிக நன்றாக ஓட்டுகிறாரே என்றார்.

"அப்பாதான் எப்பவும் ஓட்டுவார். அவருக்குக் கையில அடிபட்டிருக்கு. அதனாலதான் அம்மா" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் நெஞ்சு லேசானது.

அரைமணி நேரம் கழித்து மூதாட்டி ஒரு தைலக் குப்பியோடு எங்கள் வண்டிக் கதவைத் தட்டினார். அப்பா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதும் அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்திருந்தேன். அப்பா கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எந்தக் கை பாப்பா? வலதா, இடதா?" என்று தமிழில் கேட்டார்.

"வலது" என்றேன்.

அப்பா வலது கையை நீட்டினார். மூதாட்டி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தைலம் தேய்த்துவிட்டார். அப்பா இடையிடையே "ஸ்ஸ்" என்றுகூடச் சொன்னார். அம்மா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தார். மூதாட்டி போன பிறகு அப்பா இடது கையால் வெங்காயத்தை அரிய முயன்று, முடியாமல் கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அன்றைய சாப்பாடு முழுக்கத் தைல வாசனை.

ஐந்தாம் நாள் காட்டுக்குள் போனோம். அந்த மரங்களின் உச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் சன்னல் அருகே தரையில் படுக்க வேண்டும், அவ்வளவு உயரம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தார்ச்சாலையிலிருந்து பிரிந்து ஆற்றோரம் ஒரு முகாமுக்குப் போகும் மண் பாதை அப்பாவின் கோப்பில் பச்சைக் கோடாக இருந்தது. அதில் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை. மேம்பாலம் கிடையாது. ஓடைக்குள்ளேயே தாழ்வாகச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள், அதன்மேல் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தண்ணீர் மட்டத்தைக் காட்டக் கோடுகள் போட்ட வெள்ளைக் கம்பம் ஒன்று நின்றது. தாண்டி, இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு வளைவில் அம்மா வண்டியை நிறுத்தினார்.

பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. எங்கள் வண்டியைவிடப் பெரிய மரம். இரண்டு பக்கமும் ஆழமான பள்ளம், அதில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. கைப்பேசியில் தொடர்பு இல்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "முகாம்லேர்ந்து யாராவது வருவாங்க. உள்ளேயே சமையல், உள்ளேயே படுக்கை. அதுக்குத்தானே இந்த வண்டி. காலைல பாத்துக்கலாம்."

"வரும்போது அந்தக் கம்பத்துல தண்ணி அடியில இருக்குற கோட்டுக்கும் கீழ இருந்துச்சு" என்றார் அம்மா. "இந்த மழைக்கு அது அங்கேயே நிக்காது. முன்னாடி மரம், பின்னாடி தண்ணி. நடுவுல இவளையும் உங்க தங்கச்சியையும் வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குங்க?"

"இந்தப் பாதையில திருப்பவே முடியாது."

"திருப்ப வேணாம். வர்ற வழியில மரக்கட்டை அடுக்கியிருந்தாங்க பாருங்க, அங்க எடம் இருக்கு. அதுவரைக்கும் ரிவர்ஸ்லயே போறேன்."

"பள்ளம் இருக்கு ரெண்டு பக்கமும். மழையில கண்ணாடியே தெரியல. அவசரப்படாத."

அம்மா சக்கரத்திலிருந்து கையை எடுத்து அப்பா பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. "நான் ஓட்டுறேன். அப்ப நான்தான் சொல்லணும்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை நான் கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை போல. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா வெளியே இருந்த மரத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். பிறகு மழைச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"பள்ளத்து ஓரமா நான் நடக்குறேன். நான் நிக்கிற எடம்தான் ஓரம். அதுக்கு இந்தப் பக்கம் வந்துடாத."

"கைய ஆட்டாதீங்க. சும்மா நில்லுங்க, போதும்" என்றார் அம்மா.

வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. நான் பின் சன்னலுக்கு ஓடினேன். மழையில் அப்பா மண்ணில் கால் புதையப் புதையப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பள்ளம். முன்னால் எங்கள் வண்டியின் பெரிய வெள்ளை முதுகு, அவர் நெஞ்சுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பத்தடிக்கும் அவர் நின்றார். வண்டி அவரைத் தொட்டுவிடும்போல வந்து, வளைந்து, விலகியது. மறுபடி நடந்தார். ஓரிடத்தில் அவர் கால் வழுக்கி ஒரு முழங்கால் மண்ணில் பட்டது.

"அம்மா! அப்பா பின்னாடி நிக்கிறாரு! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. "தெரியும் கண்ணு" என்றார் அம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரப் பாத்துத்தான் ஓட்டுறேன்."

எழுந்து நின்ற அப்பா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மறுபடி வண்டி நகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அத்தை கந்தனையும் மாரியம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மா என் அப்பாவை மழையில் நிற்கவைத்துவிட்டார், அவர் மேலேயே வண்டியை விடுகிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மரக்கட்டை அடுக்கியிருந்த இடத்தில் அம்மா நான்கு தடவை முன்னும் பின்னும் எடுத்து வண்டியைத் திருப்பினார். அப்பா ஏறிக்கொண்டார். அவர் உட்கார்ந்த இடத்தில் குளம் கட்டியது. ஓடைக்கு வந்தபோது கம்பத்தில் தண்ணீர் அடியில் இருந்த கோட்டைத் தொட்டிருந்தது. அம்மா ஒரு நிமிஷம் நின்று, தண்ணீருக்கு அடியில் சிமெண்டின் விளிம்பு தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. முதல் கியரில் மெதுவாக இறங்கினார். சக்கரங்களைத் தண்ணீர் அடிக்கும் சத்தம் தரைக்குக் கீழே கேட்டது. அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பு மடியில் மூடிக் கிடந்தது. முன் சக்கரங்கள் மறுகரை ஏறின, பின் சக்கரங்களும் ஏறின.

தார்ச்சாலைக்கு வந்ததும் அம்மா ஓரமாக நிறுத்தினார். துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "உங்க அப்பா இருந்திருந்தா ரெண்டு அண்டா பாயாசம் சேத்து ஏத்தி அனுப்பியிருப்பாரு" என்றார்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார். சக்கரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். அத்தைகூட "போங்க அண்ணி" என்று சிரித்துவிட்டார். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை ஊருக்குள் இருந்த வேறொரு முகாமில் தங்கினோம். அப்பா ரவை கிச்சடி செய்தார். மிச்ச இரண்டு நாளும் வெயிலடித்தது.

பள்ளி திறந்த முதல் வாரமே தமிழாசிரியை கட்டுரை எழுதச் சொன்னார். தலைப்பு, என் விடுமுறை. வகுப்பில் பாதிப் பேர் விடுமுறையைக் கடைத்தொகுதியிலும் துணைப்பாட வகுப்பிலும் கழித்திருந்தார்கள். எனக்கு ஓடும் வீடே கிடைத்திருந்தது. நான்கு பக்கம் எழுதினேன். ஆட்டு மந்தைகள், உயரமான மரங்கள், மழை, விழுந்து கிடந்த மரம், தண்ணீர் ஏறிய ஓடை எல்லாவற்றையும் விடாமல் எழுதினேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். என் கட்டுரையில் அப்பா வண்டியை ஓட்டினார். பள்ளத்துக்கு நடுவே பின்னோக்கி ஓட்டினார். ஓடையில் இறக்கி ஓட்டினார். அம்மா உள்ளே ரசம் வைத்துக்கொண்டிருந்தார். மழையில் யாரையும் நான் நிற்கவைக்கவில்லை.

பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆசிரியையின் விதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நான் முழுக் கட்டுரையையும் சத்தமாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அப்பா நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். முடித்ததும், "பாப்பா, நீ நல்லா எழுதியிருக்க. ஆனா அந்த வண்டிய…" என்றார்.

"இருங்க" என்றார் அம்மா. "மொதல்ல எழுத்துப்பிழை பாப்போம். நோட்டைக் கொண்டா."

பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். ஓட்டினார் என்ற சொல்லை நான் எல்லா இடத்திலும் ஓட்டிணார் என்றே எழுதியிருந்தேன்.

"இங்க மூணு சுழி வராது கண்ணு. ரெண்டு சுழிதான்."

ஒவ்வோர் இடமாக ணகரத்தின்மேல் கோடு போட்டு, மேலே அழகாக னகரம் எழுதினார். பதினொரு இடம். காட்டுப் பாதையில் இரண்டு, ஓடையில் ஒன்று, மிச்சம் நெடுஞ்சாலையில். கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடி என்னிடம் தந்தார். அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ச் சன்னல் அருகே நின்றார்.

தமிழில் அந்தச் சொல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றேதான். அந்தப் பதினொரு வரிகளில் எந்த வரியிலும் வினையை மாற்ற வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் மூன்றெழுத்துச் சொல்லைத் தொட்டிருந்தால் போதும். பென்சில் கையில்தான் இருந்தது. பதினொரு தடவையும் அதைத் தாண்டிப் போய், தான் செய்த காரியத்தை அம்மா பிழையில்லாமல் திருத்தி எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் அம்மாவும் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு, நோட்டைப் புத்தகப்பையில் வைத்துவிட்டு விளையாடப் போனேன்.